லிபோவ்னா நகராட்சி தூக்கப்பை தேர்ந்தெடுத்த வரலாறு

மனிதன் தூங்கும் பிராணி. இதற்கு லிபோவ்னா நகராட்சி எந்தக் காலத்திலும் ஆட்சேபணை தெரிவித்ததில்லை. வீட்டில் தூங்குகிறவனைப் பற்றி நகராட்சிக்குக் கவலை கிடையாது. கோயிலில் பிரசங்கத்தின் நடுவே தூங்குகிறவனைப் பற்றிப் பாதிரியாருக்கே கவலை கிடையாது. சிக்கல் எல்லாம் மலைமேல் பைக்குள் நுழைந்து தூங்குகிறவனால் வந்தது.

எங்கள் ஊருக்கு நேர் மேலே கோஸ்லோவ்கா மலை நிற்கிறது. ஆகஸ்டு மாதக் கடைசிச் சனிக்கிழமை மலைச் சங்கத்தார் நாங்கள் முகட்டுக்கு ஏறி, ஆளுக்கொரு தூக்கப்பைக்குள் புகுந்து படுத்து, காலையில் சூரியன் வருவதைப் பார்த்துவிட்டு இறங்குவோம். தூரத்தில் கடல்கூடத் தெரியும். தெரியாவிட்டாலும் தெரிந்ததாகச் சொல்லிக்கொள்வது வழக்கம்.

ஒரு வருஷம் இதில் ஒரு விபரீதம் நடந்தது. தபால்காரர் ஒருவர் புதிதாக வாங்கிய வழவழப்பான பைக்குள் தூங்கினவர், தூக்கத்திலேயே சரிவில் வழுக்கிக்கொண்டு போய், எல்லைக்கல்லைத் தாண்டி, பக்கத்து நகராட்சிக்குள் சேர்ந்துவிட்டார். அடி ஒன்றும் படவில்லை. முழிக்கவும் இல்லை. காலையில் அந்த ஊர் மாடு ஒன்று முகத்தை நக்கித்தான் எழுப்பியது. விஷயம் அத்தோடு போயிருக்கும். ஆனால் பக்கத்து நகராட்சி கேட்டுவிட்டது: "உங்கள் பிரஜை ஒருவர் எங்கள் எல்லைக்குள் முன்னனுமதியின்றித் தூங்கியுள்ளார். மேற்படி தூக்கம் யாருடைய அதிகார வரம்புக்கு உட்பட்டது?"

எங்கள் மேயர் அல்பின் ஜெரோவ்னிக் அன்றைக்குச் சாப்பிடவில்லை என்று சொல்வார்கள். சாப்பிட்டார், நான் பார்த்தேன். ஆனால் மௌனமாகச் சாப்பிட்டார்.

மறுவாரம் சுற்றறிக்கை வந்தது. இனிமேல் நகராட்சியின் ஏற்புமுத்திரை பெற்ற, இலேசான, ஒரே மாதிரியான தூக்கப்பை இல்லாமல் யாரும் முகட்டில் தூங்கக் கூடாது. ஏற்பு பெறாத பைக்குள் தூங்குகிறவர் விழித்திருப்பதாகவே கருதப்படுவார்.

வழுக்காத பை என்றல்லவா இருக்க வேண்டும், இலேசான பை எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். எங்கள் ஊரில் அப்போது அடித்த காற்று அப்படி. எல்லாருக்கும் எடைப் பைத்தியம். தெருவில் பார்த்தால் "சௌக்கியமா?" என்று கேட்கிற காலம் போய், "எவ்வளவு குறைச்சே?" என்று கேட்கிற காலம் வந்திருந்தது. மலைக்குக் கொண்டுபோகிற பல்துலக்கிக்குக் கைப்பிடியை அறுத்தார்கள். சட்டைக்குள் தைத்திருக்கும் துணித்துண்டைக் கத்தரித்தார்கள். மருந்துக்கடைக்காரர் தாடியை எடுத்தார். பிறகு யோசித்து, கூட வருகிற நாய்க்கும் எடுத்தார்.

இந்தக் கூட்டத்துக்கு ஆசான் எங்கள் பல்வைத்தியர் தாமியான். பல்லைக் குடைகிற கருவியால் தன் சூப்புக் கரண்டியில் ஓட்டை ஓட்டையாகப் போட்டவர். அந்தக் கரண்டியில் சூப்பு நிற்காது. "அதுதான் விசேஷம்," என்பார். "கரண்டியும் குறைஞ்சுது, சூப்பும் குறைஞ்சுது." அவரைத்தான் நகராட்சி தூக்கப்பைத் தேர்வுக் குழுவின் நிபுணராகப் போட்டது. தலைவர், மேயர். செயலாளர், நகராட்சி அலுவலகத்து விதா. விதாவுக்கு மலையும் தெரியாது, தூக்கமும் குறைவு. விதி மட்டும் தெரியும்.

இந்த நேரம் பார்த்து ஜோர்கா ஒரு தூக்கப்பை வாங்கினாள்.

ஜோர்கா பள்ளிக்கூடத்துச் சமையல்காரி. என் வயதுதான், எனக்கும் அவளுக்கும் எப்போதும் நீ-நான்தான். ஊரிலே பாதிப்பேர் அவள் கிண்டிய கூலாஷ் கறிக்குழம்பு சாப்பிட்டு வளர்ந்தவர்கள். மலைச் சங்கத்தில் அவள் இல்லாத வருஷம் கிடையாது. ஆனால் ஒரு தடவைகூட முகட்டில் தூங்கினது கிடையாது. பாதி வழியில் இருக்கிற மலைக்குடிலில் அவளை நிறுத்திவிடுவோம். நாங்கள் மேலே போய் நட்சத்திரம் பார்ப்போம், அவள் கீழே மறுநாளைக்கு அண்டா ஏற்றுவாள். சூரியன் எப்படி வந்தது என்று நாங்கள் இறங்கி வந்து சொல்வோம். அவள் கரண்டியைப் பிடித்தபடி கேட்டுக்கொள்வாள்.

மறுவருஷம் அவளுக்கு முட்டி போயிற்று. செப்டம்பரில் அறுவை. "புது முட்டி வெச்ச பிறகு மாடிப்படி ஏறலாம்மா, மலைப்படி வேண்டாம்," என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"அப்ப இந்த ஆகஸ்டுதான் எனக்கு," என்றாள் என்னிடம். "ஒரு ராத்திரி நானும் மேல படுக்கணும். அண்டாவ வேற எவனாவது கிண்டட்டும்."

"உன் பழைய பையத் தூக்கிட்டு ஏறுவியா?"

"அதத் தூக்கினா முட்டி இங்கயே கழண்டுடும்."

உண்மைதான். அவள் மாமா பட்டாளத்திலிருந்து கொண்டுவந்த பை அது. சிப்பாய் பூட்சு கழற்றாமல், துப்பாக்கியை விடாமல், சந்தேகமிருந்தால் கோவேறு கழுதையையும் கூட்டிக்கொண்டு படுப்பதற்காகத் தைத்தது. ஒருமுறை அதைக் காயப்போட்டதில் கொடிக்கம்பம் சாய்ந்தது. ஆகவே கடைக்குப் போய் ஒரு வாத்திறகுப் பை வாங்கினாள். நல்ல பை. சுருட்டினால் ஒரு ரொட்டி அளவு, பிரித்தால் கோழிக்குஞ்சுபோலக் கதகதப்பு. அதை எடுத்துக்கொண்டு ஏற்புமுத்திரைக்காக விதாவிடம் போனாள். நானும் கூடப் போனேன். எனக்கு அலுவலகத்தில் ஒரு வேலை இருந்தது. என் வீட்டு வாசலில் குழாய் உடைந்து நாலு மாதமாகத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

"இது ஏற்பு பெற்ற பை இல்லைங்க," என்றாள் விதா.

"தெரியும்மா. ஏற்பு வாங்கத்தானே வந்திருக்கேன்."

"ஏற்பு பெறாத பையை எப்படிங்க ஏற்க முடியும்?"

"ஏத்துக்கிட்டா ஏற்பு பெற்ற பை ஆயிடுமே?"

விதா கொஞ்சம் யோசித்தாள். "அப்படிப் போனா எல்லாப் பையும் ஏற்பு பெற்றிடும். அப்புறம் நாங்க எதுக்கு?" என்று நியாயமாகக் கேட்டு, பையை வாங்கி உள்ளே வைத்துக்கொண்டாள். "இது இனிமே வேட்பாளர் பை. சோதனைக்குப் பிறகு தெரியும். குழாய் விஷயம் பரிசீலனையில இருக்குங்க பெரியவரே."

சோதனை என்றால் சும்மாவா? தூக்கப்பையைத் தூங்காமல் எப்படிச் சோதிப்பது? நகராட்சி ஊழியர் வேலை நேரத்தில்தான் வேலை செய்ய வேண்டும் என்பது விதி. தூங்குவது இப்போது வேலை. ஆகவே வேலை நேரத்தில் தூங்கினார்கள். வரி வாங்குகிற பிரிவு ஒரு நிறுவனத்தின் பையில், கட்டட அனுமதிப் பிரிவு இன்னொன்றில், மேயர் தன் அறைக் கம்பளத்தின்மேல் மூன்றாவதில். ஜோர்கா விசாரிக்கப் போனபோதெல்லாம் சன்னல் கட்டைக்கு அப்பால் கம்பளிப்புழுக்கள்போல வரிசையாகக் கிடந்தார்கள்.

இப்படி ஜூலை முழுக்க நடந்தது. பொதுமக்களிடமிருந்து ஒரு புகாரும் வரவில்லை. யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. ஒரு கிழவர் மட்டும், முன்னைக்கு இப்போது பதில் சீக்கிரம் வருகிறது என்று பாராட்டிவிட்டுப் போனார். அவர் கேட்டது குறட்டை.

முடிவில் குழு ஜோர்காவின் பையையே தேர்ந்தெடுத்தது. அவளைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். முகமெல்லாம் சிரிப்பாகப் போனாள்.

"உங்க பை எல்லாத்தையும் ஜெயிச்சிடுச்சு அம்மா," என்றார் மேயர். "ஆனா நிபுணர் ஒரு சின்னத் திருத்தம் சொல்றார்."

தாமியான் பையை மடியில் வைத்து, பல் பார்க்கிற மாதிரி அதன் வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். "ஜிப்பு எதுக்குங்க? ஒருதடவை நுழைஞ்சா காலையிலதான வெளிய வரப்போறோம். எடுத்துட்டேன். தலைமூடி எதுக்கு? தொப்பி இருக்கு. எடுத்துட்டேன். இப்ப பாருங்க, உள்ள என்ன இருக்கு?"

"இறகு," என்றாள் ஜோர்கா, பயத்தோடு.

"இறகு எதுக்கு?"

"சூட்டுக்கு."

"சூட்டுக்கு எடை உண்டா?"

"சூட்டுக்கு எங்கய்யா எடை?"

"இறகுக்கு?"

"கொஞ்சம் உண்டு."

"பாத்தீங்களா!" என்று மேயரைப் பார்த்தார் தாமியான். "எடை இல்லாத சூட்டுக்காக எடை உள்ள இறகைச் சுமக்கிறோம். இறகை எடுத்திடுவோம், சூட்டை வெச்சுக்குவோம்."

மேயர் எழுந்து நின்று அவர் கையைக் குலுக்கினார். விதா தையலைப் பிரித்தாள். ஜோர்காவின் வாத்திறகு சன்னல் வழியாக ஆகஸ்டு மாத வெயிலில் பனிபோல ஊர்மேல் இறங்கியது. பிள்ளைகள் வாய்பிளந்து பிடித்தார்கள். மிச்சமிருந்தது ஒரு மெல்லிய துணியுறை. அதை மேசையில் வைத்தால் பறந்துவிடுகிறது என்று அதன்மேல் நகராட்சி முத்திரை பொறித்த பித்தளைத் தகடு ஒன்றைத் தைத்தார்கள்.

"இப்ப ஏற்பு ஆயிடுச்சா?" என்றாள் ஜோர்கா. குரல் ஒரு மாதிரி இருந்தது.

"கிட்டத்தட்ட ஆச்சுங்க," என்றாள் விதா. "இலேசு-ன்னு எழுதணும்னா எதைவிட இலேசு-ன்னு எழுதணும். ஒப்புநோக்க ஒரு கனமான பை வேணும். இரண்டையும் முகட்டுக்குக் கொண்டுபோய் ஒரு ராத்திரி வெச்சுப் பார்க்கணும். கனமான பைக்கு எங்க போறது? அதுக்கு ஒரு துணைக்குழு போட்டா, அடுத்த வருஷம் இந்நேரம்..."

நான் ஜோர்காவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்த வருஷம் என்ற சொல் காதில் விழுந்ததும் முகம் அணைந்தது. பிறகு, அடுப்பை ஊதினால் கங்கு தெரியுமே, அப்படி ஏதோ ஒன்று தெரிந்தது.

"கனமான பை எங்கிட்ட இருக்கு," என்றாள் மெதுவாக. "பட்டாளத்துப் பை. ஆனா என்னால தூக்க முடியாதும்மா."

"நீங்க எதுக்குத் தூக்கணும்? சோதனைப் பொருள்னு ஆயிட்டா அது நகராட்சி பொறுப்பு. நகராட்சிதான் சுமக்கணும்."

"அதுக்கு ஏதாவது ஆயிட்டா?"

"அதனாலதான் பொருளோட உரிமையாளர் கூடவே இருக்கணும்னு விதி. முகடு வரைக்கும். ராத்திரி முழுக்க."

"அய்யோ," என்றாள் ஜோர்கா. "விதி அப்படின்னா என்ன பண்றது. வந்துதானே ஆகணும்."

வெளியே வந்ததும் என் விலாவில் முழங்கையால் ஒரு இடி இடித்தாள். இரண்டு நாள் வலித்தது.

அவ்வாறாக, ஆகஸ்டு மாதக் கடைசிச் சனிக்கிழமை தேர்வுக் குழு மலையேறியது. சங்கத்தார் யாரும் வரக் கூடாது, ஏற்பு முடிந்த பிறகே பொதுமக்கள் தூங்கலாம். முன்னால் மேயர், பின்னால் விதா, அப்புறம் பறந்து போகாதபடி ஏற்புப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு தாமியான். மலைப்பாதையில் வழிக்குறிக்குச் சிவப்பும் வெள்ளையுமாக வட்டம் போடுகிற கௌரவ ஊழியன் என்ற முறையில் பட்டாளத்துப் பை என் முதுகில். நகராட்சி என்றால் கடைசியில் அது நான்தான் என்பது எனக்கும் அப்போதுதான் தெரிந்தது. எல்லாருக்கும் கடைசியில், வெறுங்கையை வீசிக்கொண்டு, சீட்டியடித்தபடி ஜோர்கா.

இங்கே எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஆயிரம் மீட்டர் உயரத்துக்கு மேல் போய்விட்டால் எங்களில் யாரும் யாரையும் 'நீங்க' என்று சொல்வதில்லை. எல்லாரும் 'நீ'தான். நீதிபதியும் திருடனும் நீ, பிஷப்பும் ஆட்டிடையனும் நீ, மாப்பிள்ளை மாமியாரை நீ என்பான், மாமியார் வாயைத் திறக்க முடியாது. இது சட்டம் இல்லை, வழக்கம். சட்டமாக இருந்திருந்தால் யாரும் பின்பற்றியிருக்க மாட்டார்கள். குடிலைத் தாண்டி ஒரு திருப்பத்தில் 'ஆயிரம் மீட்டர்' என்று பலகை நிற்கும். அதைக் கடந்ததும் கைகுலுக்கி, ஆளுக்கொரு வாய் பேரிக்காய்ச் சாராயம் குடித்துவிட்டு, மரியாதையைப் பலகைக்குக் கீழேயே விட்டுவிட்டு ஏறுவோம்.

மேயர் அல்பின் பதவிக்கு வந்தபிறகு அந்தப் பலகையைக் கடந்ததே இல்லை. குடிலில் சூப்பு குடித்துவிட்டு, "அவசர வேலை" என்று இறங்கிவிடுவார். அன்றைக்கும் பலகைக்கு ஓரடி முன்னால் நின்றார்.

"விதா," என்றார், "இதுக்கு மேல போனா குழுவோட கௌரவம் என்ன ஆகும்?"

"சிக்கல்தாங்க ஐயா. 'மாண்புமிகு தலைவரே, நீ சொல்றது சரி'-ன்னு நடவடிக்கைக் குறிப்பில எழுத முடியாது."

"கீழயே சோதிச்சா?"

"விதியில முகடுன்னு இருக்குங்க."

எல்லாரும் நின்றோம். ஒரு பசு எங்களைப் பார்த்தது. ஜோர்கா ஒரு கல்லில் உட்கார்ந்து முட்டியைத் தடவிக்கொண்டிருந்தாள். இங்கேயே திரும்பிவிடுவார்களோ என்று அவளுக்குப் பயம், எனக்குத் தெரியும். நான் முதுகுச் சுமையை இறக்கினேன்.

விதா பலகையைச் சுற்றி வந்தாள். தட்டிப் பார்த்தாள். "ஐயா, மலை நகராட்சியோட சொத்து இல்ல. அதை நகர்த்த நமக்கு அதிகாரம் கிடையாது. ஆனா பலகை நகராட்சியோட சொத்து."

மேயர் முகம் மலர்ந்தது. அடுத்த நிமிஷம் ஆயிரம் மீட்டர் பலகை கம்போடு பிடுங்கப்பட்டு என் தோளில் ஏறியது. முதுகில் பட்டாளம், தோளில் ஆயிரம் மீட்டர்.

"முன்னால போங்க பெரியவரே," என்றார் மேயர். "எனக்கு எப்பவும் கொஞ்சம் மேலேயே இருக்கிற மாதிரி போங்க."

நானும் போனேன். ஆயிரம் மீட்டர் எனக்குப் பின்னால் வந்த எல்லாருக்கும் மேலே மேலே போய்க்கொண்டிருந்தது. பூமி சாஸ்திரக்காரர்கள் பார்த்திருந்தால் தூக்கில் தொங்கியிருப்பார்கள். ஒரு இடத்தில் பூட்சுக் கயிறு அவிழ்ந்து நான் குனிந்தேன். பலகையும் குனிந்தது. கவனிக்காமல் மேயர் என்னைத் தாண்டி இரண்டடி வைத்துவிட்டார்.

அவ்வளவுதான். தாமியான் காத்திருந்தவர்போல, "அல்பின், உன் தொப்பி படு கேவலமா இருக்குடா," என்றார்.

நான் நிமிர்ந்தேன்.

"மன்னிக்கணும் தலைவரே," என்றார் தாமியான். "தொப்பி ரொம்பக் கம்பீரம்."

இப்படியாக முகட்டுக்கு வந்து சேர்ந்தோம். உச்சிக்குச் சற்றுக் கீழே இருக்கிற கற்குவியலில் பலகையை நட்டேன். மேயரும் குழுவும் பலகைக்குக் கீழே சரிவில் இடம் பிடித்தார்கள். ஜோர்கா மட்டும் முட்டியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு கல்லாக, பலகையையும் தாண்டி உச்சிப் பாறைக்குப் போனாள். "சூரியன் முதல்ல இங்கதான் வரும்," என்றாள். சோதனைப் பொருளை அங்கே விரித்தேன். பாதிப் பாறை மறைந்தது. பொருளுக்குப் பாதுகாப்பாக அவள் அதன் உள்ளேயே புகுந்துகொண்டாள். தலை மட்டும் தெரிந்தது, பானையிலிருந்து எட்டிப் பார்க்கிற பூனை மாதிரி.

ஏற்புப் பைக்குள் மேயரே இறங்கினார். முதல் ஆளாக அதில் தூங்கும் பெருமையை வேறு யாருக்கும் தர மனமில்லை. நாங்கள் மற்றவர்கள் கோட்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தோம். வெயில் இறங்கியது. வடகிழக்குக் காற்று, எங்கள் மலைக்கே சொந்தமான காற்று, எழுந்துவந்து எங்களை விசாரித்தது.

"எப்படிங்க இருக்கு?" என்றாள் விதா.

"இ-இ-இலேசா இருக்கு," என்றார் மேயர்.

"சூடு?"

"சூட்டுக்கு எ-எடையே தெரியலை."

கொஞ்ச நேரத்தில் பித்தளைத் தகடு அவர் நெஞ்சில் ஐஸ்கட்டியாக உட்கார்ந்தது. காற்றில் பை உப்பி, உள்ளே மேயரோடு இரண்டு தடவை எழும்பி உட்கார்ந்தது. எல்லைக்கல் பக்கத்தில்தான் இருந்தது. தபால்காரர் வழுக்கிப் போனார் என்றால், மேயர் பறந்து போயிருப்பார். பக்கத்து நகராட்சி என்ன கேட்டிருக்கும்! கடைசியில் அவர் பையைச் சுமந்தபடி குதித்துக் குதித்துப் பலகை வரைக்கும் வந்தார். அங்கே நின்றார்.

"ஜோர்கா அம்மா," என்றார், பற்களுக்கு நடுவில். "மேற்படி ஒப்புநோக்குப் பொருளின் உட்புற நிலைமையைத் தாங்கள் அனுமதித்தால் நேரில் ஆய்வு செய்ய..."

"அங்கேருந்து பேசினா காத்துல கேக்கலைங்க ஐயா. பலகைக்கு இந்தப் பக்கம் வந்து சொல்லுங்க."

"அந்தப் பக்கம் வந்தா..."

"தெரியும். பையில ஒரு ஆளுக்கு இடம் இருக்கு. உங்க மரியாதைக்கு இடம் இல்ல. அதை அந்தப் பலகையிலேயே மாட்டிட்டு வாங்க."

மேயர் பலகையைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். அடிபட்ட தவளைபோல ஒரே குதி, பலகையைத் தாண்டி விழுந்தார்.

"ஜோர்கா," என்றார், "நகரு. செத்துடுவேன் போலிருக்கு."

"இப்பதான் ஒனக்குப் பேச வருது அல்பின். வா. காலை மொதல்ல விடு. என் முட்டி பத்திரம்."

அவர் உள்ளே போனதும் வந்த பெருமூச்சு மலையடிவாரம் வரை கேட்டது. அதைக் கேட்டுத் தாமியான் பலகையைத் தாண்டினார். "ஜோர்கா, நான் ரொம்ப இலேசு, இடம் அடைக்க மாட்டேன்." அவருக்குப் பின்னால் விதா. "நடவடிக்கைக் குறிப்பு எடுக்க நானும் உள்ள இருக்கணும்," என்றாள். கடைசியில் நான். ஐந்து பேரும் உள்ளே போனபிறகும் கால்மாட்டில் ஒரு கழுதைக்கு இடம் மிச்சமிருந்தது என்றால் நீங்கள் நம்பமாட்டீர்கள். நான் காலால் தடவிப் பார்த்தேன், இருந்தது.

தூங்கினோமா? தூங்கினோம். பைக்குள் நீ, வாடா, தள்ளு, முழங்கையை எடு என்பதைத் தவிர ஒரு சொல் இல்லை. விடிகிற நேரம் வாய்ப்பக்கம் இருந்த ஜோர்காவின் தலை மட்டும்தான் வெளியே. நாங்கள் நால்வரும் உள்ளே கூலாஷ் கறித்துண்டுகள்போல வெந்துகொண்டிருந்தோம்.

"எப்படி இருக்கு?" என்று இருட்டுக்குள்ளிருந்து கேட்டேன்.

முழங்கையால் அவளை ஒரு இடி இடித்தேன்.

"ஏய் ஜோர்கா, சூரியன் வந்துச்சா?"

"சும்மா இரு, ஃப்ளோரியான்," என்றாள். "நான் பாத்துட்டுச் சொல்றேன்."

கடைசிவரை சொல்லவில்லை. இத்தனை வருஷம் நாங்கள் சொன்னதைக் கேட்டவள், எங்களுக்கு ஒரு சொல் தரவில்லை. ஆனால் கண் நனைந்திருந்தது. காற்று என்றாள்.

இறங்கும்போது வேறு மேயர். குளிர் வாங்கிய உடம்பில் சாராயமும் சேர்ந்ததில் எல்லாரையும் தோளில் தட்டிக்கொண்டு வந்தார். "ஃப்ளோரியான், இந்த நீ ரொம்ப நல்லாயிருக்குடா. விடவே மனசில்ல. பலகையைத் தூக்கிட்டு முன்னால போ."

நான் போனேன். ஏறும்போது பலகைக்குக் கீழே இருந்தவர்கள் இறங்கும்போது முழுக்கப் பலகைக்கு மேலே இருந்தார்கள். குடில் வந்தது, யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. காடு முடிந்தது, கோயில் வந்தது, ரொட்டிக்கடை வந்தது. நகராட்சி அலுவலகத்து முன்னால் என் தோள் விட்டுப்போயிற்று. அங்கே பூந்தொட்டி மண் இளக்கமாக இருந்தது. ஊன்றிவிட்டேன்.

விதா நின்று யோசித்தாள். "குழு முன்னிலையில் ஊன்றின பலகை. விதிப்படி இதுதான் இனிமே ஆயிரம் மீட்டர்."

அலுவலகத்துக்கு ஏறப் பலகையைத் தாண்டி நாலு படி உண்டு. ஆக, அந்த நாளிலிருந்து எங்கள் நகராட்சி அலுவலகம் ஆயிரம் மீட்டருக்கு மேலே இருக்கிறது.

செய்தி பரவியதும் ஊரே கொண்டாடியது. இனி மேயரை நீ என்று கூப்பிடலாம்! சன்னல் கட்டைக்கு முன்னால் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நிற்க வேண்டாம்! முதல்வாரம் வரிசை ரொட்டிக்கடை வரைக்கும் நின்றது. நானும் நின்றேன். உள்ளே போய் மேசையைத் தட்டினேன். "அல்பின், என் வாசல் குழாய் என்னடா ஆச்சு?"

"வாடா ஃப்ளோரியான்!" என்று எழுந்து வந்து கட்டிக்கொண்டார். "மலைமேல வந்து குழாயப் பத்திப் பேசறியே. உக்காரு." இரண்டு குவளை ஊற்றினார். மலையில் கொடுத்த குவளையை மறுப்பது எங்கள் வழக்கம் இல்லை. மலையில் அவசரப்படுவதும் இல்லை. மலையில் ஒருவன் இன்னொருவன்மேல் புகார் சொன்னதாகச் சரித்திரமே இல்லை. நான் பாடிக்கொண்டே வெளியே வந்தேன். வீட்டு வாசலில் தண்ணீர் ஓடுவதைப் பார்த்ததும்தான் எதற்குப் போனேன் என்பது ஞாபகம் வந்தது.

ஜோர்கா புது முட்டியோடு, கைத்தடி ஊன்றி, அக்டோபரில் நாலு படி ஏறினாள். நானும் போனேன். மேயர் நாற்காலியில் பட்டாளத்துப் பைக்குள் கழுத்துவரை இருந்தார். அலுவலகத்தில் குளிராம்.

"அல்பின், என் பை," என்றாள்.

"தாராளமா எடுத்துக்கோ ஜோர்கா. ஒனக்கு இல்லாததா? ஆனா சோதனை முடிவு இன்னும் எழுதலையே. விதா, ஒரு குவளை கொண்டா."

"எப்ப எழுதுவே?"

"மலைல ஏது தேதி?"

ஜோர்கா என்னைப் பார்த்தாள். நான் வரிசையில் இருந்தவர்களைப் பார்த்தேன். எல்லார் கையிலும் குவளை, எல்லார் முகத்திலும் சந்தோஷம்.

முன்பு எங்கள் ஊரில் மரியாதையோடு வேலை நடக்காமல் இருந்தது. இப்போது உரிமையோடு நடக்காமல் இருக்கிறது. வசந்தத்தில் தேர்தல் வந்தது. பெட்டியை வைத்தது நகராட்சி அலுவலகத்தில், பலகையைத் தாண்டித்தான் போக வேண்டும். அல்பினுக்கு எதிராக நின்றவர் வாசலில் பலகைக்கு இந்தப் பக்கம் நின்று, "தாங்கள் அனைவரும் சிந்தித்து வாக்களிக்க வேண்டுகிறேன்," என்று கைகூப்பினார். யாரய்யா இந்த அந்நியன் என்று பார்த்துவிட்டு உள்ளே போனோம். குழாய் ஓடிக்கொண்டுதான் இருந்தது. என் காலுறை ஈரத்தோடுதான் நான் வரிசையில் நின்றேன். ஜோர்கா எனக்கு முன்னால் நின்றாள், பை இல்லாமல்.

"யாருக்குப் போடப் போறே?" என்றேன்.

"ஒரே பையில படுத்துட்டோமே," என்றாள். "நம்ம ஆள எப்படி விடறது?"

நானும் அவனுக்கே போட்டேன்.